ராடு தட்டி ஜாமான கம்மின்ஸ் 6பிடி: இதே இன்ஜினைக் கட்டலாமா, வேறு இன்ஜின் ஏற்றலாமா?

டாரஸ்_சங்ககிரி கேட்டது:

வணக்கங்க. வண்டி டாடா 2518, பத்து வீல், 2008 மாடல். இன்ஜின் கம்மின்ஸ் 6பிடி, 5.9 லிட்டர், இன்லைன் பம்ப் போட்டது. சேலம் பக்கமிருந்து தொப்பூர் ஏறும்போது ரேடியேட்டர் கீழ் ஹோஸ் பிளந்து தண்ணி முழுக்க வெளியே போயிருச்சு. டெம்பரேச்சர் முள் மேலே போயிட்டுத் திரும்ப இறங்கினதால சரியாயிருச்சுன்னு நினைச்சு டிரைவர் தொடர்ந்து ஓட்டியிருக்காரு. அப்புறம் பவர் இறங்கி, கீழே ராடு (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கிற தண்டு) தட்டுற சத்தம் கேட்டு, வண்டி நின்னே போச்சு. செல்ஃப் அடிச்சா ஒரே ஒரு 'டக்', அதோட சரி.

ஷெட்டுல சம்ப் (அடியில இருக்கிற ஆயில் தொட்டி) இறக்கிப் பார்த்தோம். ஆயில்ல தண்ணி கலக்கலை, ஆனா முழுக்க மினுமினுன்னு தூள். 5ஆம் நம்பர் ராடு பேரிங் சுத்தி, அதோட ரெண்டு ஷெல்லும் (அரைவட்டத் தகடு) ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஏறிக் கிடக்குது. ராடோட பெரிய கண் நீலமா மாறியிருக்கு. கிராங்க்ல அந்த ராடு பிடிக்கிற பின்னும் நீலம், நகத்தில் தட்டுற அளவுக்குக் கோடு. மெயின் கேப் (கிராங்க்கைப் பிளாக்கோட பிடிக்கிற மூடி) ரெண்டு கழட்டினோம், ரெண்டுலயும் செம்பு தெரியுது. 5ஆம் சிலிண்டரோட அடி விளிம்புல விரல் நுனி அளவுக்கு ஒரு சில்லு போயிருக்கு. 6ஆம் சிலிண்டர்ல கீழே இருந்து பார்த்தாலே நீளமா ஒரு கோடு. ஹெட் இன்னும் கழட்டலை.

மெக்கானிக் "பிளாக்கே போச்சு, பழைய இன்ஜின் ஏத்திடலாம்"ங்கறாரு. கைமாத்து இன்ஜின் 1,60,000க்குச் சொல்றாங்க. இதையே கட்டினா 2,40,000 ஆகும்னு ஒரு கணக்கு வந்திருக்கு. எதை வச்சு முடிவு பண்றதுன்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

போரிங்_பட்டறை_கரூர் எழுதியது:

இப்போது தெரிவதை வைத்து "பிளாக் போச்சு" என்றும் சொல்ல முடியாது, "கட்டிவிடலாம்" என்றும் சொல்ல முடியாது. பேரிங் சுற்றியது, ராடு நீலமானது, பிஸ்டன் பிடித்தது எல்லாம் பார்க்கத்தான் பயங்கரம்; அத்தனையும் கடையில் கிடைக்கும் சாமான். முடிவைத் தருவது மூன்று வார்ப்புகள்: பிளாக், கிராங்க், ஹெட். மூன்றில் இரண்டு நின்றால் இன்ஜினைக் கட்டலாம். பிளாக்கோடு இன்னொன்றும் போனால் அந்த இன்ஜினை விட்டுவிட வேண்டியதுதான். அளவெடுத்து முடியும்வரை ஒரு கேஸ்கெட்கூட வாங்காதீர்கள். பிஸ்டன் செட் வாங்கி வைத்துவிட்டுப் பிறகு பிளாக்கில் விரிசல் கண்டால் அந்தப் பணம் முடங்கிவிடும்.

முழுசாகக் கழற்றுங்கள். கழற்றும்போது ராடு கேப், மெயின் கேப் எல்லாவற்றிலும் எண் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பஞ்ச் அடித்துக்கொள்ளுங்கள். மெயின் கேப்பை இடம் மாற்றிப் போட்டால் ஹவுசிங் வட்டம் போய்விடும். பிறகு அளவெடுத்தும் பயனில்லை. பேரிங் ஷெல்களைத் தூக்கி எறியாமல் கழற்றிய வரிசைப்படி ஒரு பலகையில் அடுக்கி வையுங்கள். எங்கே ஆயில் போகவில்லை என்பதை அவைதான் காட்டும்.

பிளாக்கில் பார்க்க வேண்டியவற்றை முக்கியமான வரிசையில் சொல்கிறேன்.

முதலாவது மெயின் ஹவுசிங் லைன், அதாவது கிராங்க் அமரும் ஏழு துளைகளின் வரிசை. ஷெல் இல்லாமல் ஏழு கேப்பையும் அதனதன் இடத்தில் வைத்து, 60, 119, 176 நியூட்டன் மீட்டர் என மூன்று கட்டமாக டார்க் ரெஞ்சில் இறுக்கி, போர் டயலால் ஒவ்வொரு ஹவுசிங்கையும் மூன்று திசையில் அளக்க வேண்டும். மெயின் ஷெல் சுற்றியிருந்தால் ஹவுசிங்கில் பளபளப்பான வளையமும் நீலமும் தெரியும், லாக் பள்ளம் மழுங்கியிருக்கும். ஓவல் ஆகியிருந்தால் லைன் போரிங் (ஏழு துளையையும் ஒரே நேர்கோட்டில் வெட்டுவது) செய்தால்தான் சரிவரும். அதைச் சரியாகச் செய்கிற பட்டறைகள் குறைவு, கூலியும் அதிகம். இங்கே அடி விழுந்திருந்தால் நானே பிளாக்கை மாற்றச் சொல்வேன்.

இரண்டாவது கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஓடும் துளைகள். இதைப் பலர் பார்ப்பதே இல்லை. 6பிடியில் முன்பக்க முதல் ஜர்னலுக்கு (தண்டு உருளும் பகுதி) மட்டும்தான் புஷ். மற்றவை நேராக பிளாக் இரும்பிலேயே ஓடும். ஆயில் வறண்ட இன்ஜினில் அங்கேயும் தேய்ந்திருக்கும். தேய்ந்த துளையைப் பெரிதாக்கிப் புஷ் போடலாம், ஆனால் அது செலவுக் கணக்கில் சேரும். மெயினிலும் கேமிலும் இடைவெளி விட்டுப்போனால் புது ஆயில் பம்ப் போட்டாலும் பிரஷர் நிற்காது.

மூன்றாவது சிலிண்டர்கள். இந்த இன்ஜினுக்குத் தனி லைனர் கிடையாது, பிளாக்கிலேயே போர் இருக்கிறது. ஸ்டாண்டர்டு 102.00 முதல் 102.04 மி.மீ. தேய்மானம் 102.116 வரை ஓடலாம், ஓவல் 0.038க்குள், டேப்பர் (மேலுக்கும் கீழுக்கும் உள்ள அளவு வித்தியாசம்) 0.076க்குள் இருக்க வேண்டும். ஓவர்சைஸ் பிஸ்டன் (போரைப் பெரிதாக்கினால் போடுவது) 0.50, 1.00 என இரண்டு அளவில் வரும். 6ஆம் சிலிண்டர் கோட்டின் ஆழத்தைக் கட்டாயம் அளந்து எழுதுங்கள். 0.50 ஓவர்சைஸ் என்றால் ஒரு பக்கத்துக்கு 0.25தான் வெட்டப்படும். கோடு அதைவிட ஆழம் என்றால் போரிங் போட்ட பிறகும் கோடு அப்படியே நிற்கும், பணமும் போகும்.

5ஆம் சிலிண்டர் அடியில் போன சில்லைக் கண்டு பயப்பட வேண்டாம். பிஸ்டனை அடிமட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஆயில் ரிங் நிற்கும் இடத்துக்குக் கீழேயே சில்லு முடிந்துவிட்டால் கூர் விளிம்பை அரைத்து உருட்டிவிட்டால் போதும். ஆனால் அங்கிருந்து மயிரிழை விரிசல் கிளம்பியிருக்கிறதா என்று சிவப்புச் சாய ஸ்ப்ரே அடித்துப் பார்த்தே ஆக வேண்டும். விரிசல் மேலே ஏறி வாட்டர் ஜாக்கெட்டைத் தொட்டிருந்தாலோ, பக்கவாட்டில் மெயின் ஹவுசிங்கைத் தாங்கும் சுவருக்குள் போயிருந்தாலோ பிளாக் கழிவு.

கிராங்க்: மெயின் ஜர்னல் 83.00, ராடு பின் 69.00 மி.மீ. 0.25, 0.50, 0.75, 1.00 என நாலு அண்டர்சைஸ் பேரிங் (அரைத்துச் சிறிதான கிராங்க்குக்கானது) வரும். அரைப்பதற்கு முன்னால் மேக்னாஃப்ளக்ஸ் (விரிசல் காட்டும் காந்தச் சோதனை) போடுங்கள். நீலமான பின்னுக்கு அது இல்லாமல் கிரைண்டிங் மிஷினில் ஏற்றக்கூடாது. வளைவு பார்க்க, இரண்டு ஓரத்தையும் வி-பிளாக்கில் வைத்து நடு மெயினில் டயல் கேஜ் வையுங்கள்.

ஹெட்: தண்ணி இல்லாமல் ஓடியதால் வளைந்திருக்கத்தான் செய்யும். ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்து 0.075 ஃபீலர் தகடு நுழைந்தால் ஃபேஸிங் (சீவிச் சமமாக்குவது) போட வேண்டும். அதற்கு முன் பிரஷர் டெஸ்ட், 60 டிகிரி சுடுநீரில் மூழ்கவைத்து 40 பி.எஸ்.ஐ. காற்று. இரண்டு வால்வு சீட்டுக்கு நடுவில்தான் பெரும்பாலும் விரிசல் விழும். பச்சைத் தண்ணீரில் டெஸ்ட் செய்தால் விரிசல் மூடியே இருக்கும், நல்ல ஹெட் போலத் தெரியும்.

முள் இறங்கியதற்குக் காரணமும் சொல்லிவிடுகிறேன். சென்ஸார் முனை தண்ணீருக்குள் நின்றால்தான் சரியான சூடு காட்டும். தண்ணீர் வடிந்து முனை காற்றில் நின்றால் முள் கீழே வரும், உள்ளே இரும்பு கொதித்துக்கொண்டிருக்கும். டிரைவருக்கு இது தெரிய வழியில்லை.

---

நாமக்கல்_லோடு எழுதியது:

கரூர் அண்ணன் சொன்ன அளவெல்லாம் எடுங்க. நான் பணக் கணக்கு பக்கம் சொல்றேன்.

1,60,000க்கும் 2,40,000க்கும் நேரா ஒப்பிடாதீங்க. கைமாத்து இன்ஜின் எடுத்தா அதோட சேர்ற செலவு இது: கேஸ்கெட் செட், கிளட்ச் பிளேட், ஆயில், ஃபில்டர், ஹோஸ், மவுண்டிங் ரப்பர், ஏத்தி இறக்குற கூலி. இது இதே இன்ஜினைக் கட்டினாலும் வரும். ஆனா கைமாத்து இன்ஜினைத் திறக்காம ஏத்தினா உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. திறந்து பார்த்தா பேரிங், ரிங் மாத்தாம மூட மனசு வராது. அப்ப 1,60,000 எங்க போய் நிக்கும்னு பாருங்க.

அடுத்தது ஆர்.சி. இன்ஜின் நம்பர் பிளாக்குலதான் அடிச்சிருக்கும். பிளாக்கைக் காப்பாத்திட்டா ஆர்.சி.யில ஒரு எழுத்தும் மாறாது. வேற பிளாக் வந்தா நம்பர் மாறும். இன்ஜினை மாத்தின 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல தெரிவிச்சு ஆர்.சி.யில ஏத்தணும்னு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு சொல்லுது. அதுக்கு இன்ஜின் வாங்கின பில் வேணும், எந்த வண்டியில இருந்து கழட்டினதுன்னு காகிதம் வேணும், ஃபைனான்ஸ் இருந்தா அவங்க சம்மதக் கடிதமும் வேணும். "பில்லெல்லாம் கிடையாதுங்க, விலையைக் குறைச்சுக்கலாம்"னு சொல்ற இன்ஜினைத் தொடவே வேண்டாம். நாளைக்கு ஒரு விபத்துன்னா இன்சூரன்ஸ்காரங்க முதல்ல இன்ஜின் நம்பரைத்தான் பார்ப்பாங்க. எஃப்.சி.க்குப் போகும்போதும் மாட்டும்.

கைமாத்துதான்னு முடிவானா இதைப் பாருங்க. இன்ஜின்ல ஒட்டியிருக்கிற டேட்டா பிளேட்ல சி.பி.எல். எண்ணுன்னு ஒண்ணு இருக்கும். பிஸ்டன், கேம், டர்போ, இன்ஜெக்டர் எது எதோட சேரும்ங்கறதை அந்த எண் சொல்லும். உங்க இன்ஜின்ல உள்ள எண்ணும் அதுவும் ஒண்ணா இருக்கணும். 6பிடி ஜென்செட்டுலயும் ஓடுது, மண் தோண்டுற மிஷின்லயும் ஓடுது. ஜென்செட்டுல இருந்து வந்ததுன்னா சம்ப் வேற, ஃப்ளைவீல் ஹவுசிங் வேற, பம்ப் கவர்னர் (வேகத்தைக் கட்டுப்படுத்தறது) 1500 ஆர்.பி.எம்.முக்குக் கட்டினது. லாரியில ஏத்தினா ஒண்ணும் ஒத்துவராது. ஓடிக்கிட்டிருக்கும்போதே கேட்டு வாங்குங்க: சூடான பிறகு ஸ்லோல ஆயில் பிரஷர் 10 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போகக்கூடாது, முழு ஆர்.பி.எம்.ல 30க்குக் கீழே போகக்கூடாது. ஆயில் மூடியைத் திறந்தா பேக் கம்ப்ரஷன் (பிஸ்டனைத் தாண்டிக் கீழே வர்ற காத்து) மூடியை ஆட்டக்கூடாது.

டாடா கம்பெனியோட புரோலைஃப் திட்டத்துல எக்ஸ்சேஞ்ச் முறையில ரீகண்டிஷன் இன்ஜின் கொடுக்கறாங்க. உடைஞ்ச பிளாக்கைத் திருப்பி எடுத்துக்குவாங்களா, அதுக்கு எவ்வளவு கழிப்பாங்கன்னு முன்கூட்டியே கேட்டுக்கங்க.

2008 வண்டிங்கறதால இன்னொண்ணு. 15 வருஷம் தாண்டின லாரிக்கு எஃப்.சி. கட்டணமே கூடிப் போச்சு. பாடி, சேஸிஸ், ஆக்ஸில் ஹவுசிங், டயர் எல்லாம் சேர்த்து இன்னும் எத்தனை வருஷம் வண்டியை வச்சிருக்கப் போறீங்க? ரெண்டு வருஷம் ஓட்டிட்டு விக்கிறதுன்னா முழு வேலை பண்ண வேண்டாம். நாலஞ்சு வருஷம்னா இன்ஜின்ல போடுற காசு வீண் போகாது.

---

டீசல்மெக்_ஓசூர் எழுதியது:

அளவு, பணம் இரண்டும் வந்துவிட்டன. விட்டுப்போனது தூள். சுற்றிப்போன ஒரு பேரிங்கின் உலோகம் சம்ப்போடு நின்றுவிடாது. ஃபில்டர் அடைத்ததும் பைபாஸ் வால்வு திறந்து வடிகட்டாத ஆயில் எல்லா இடத்துக்கும் போகும். கட்டிய இன்ஜின் சில நாளிலேயே மறுபடி தட்டுவதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்தத் தூள்தான்.

அதனால் இவற்றைச் செலவில் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். ஆயில் கூலர் புதிது. இதன் தகடுகளுக்கு நடுவில் சிக்கிய தூளை எந்த டீசலாலும் கழுவ முடியாது. ஓடி அதிரும்போது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து நேராகப் பேரிங்குக்குப் போகும். ஆயில் பம்ப் புதிது. டர்போவைக் கழற்றி ஷாஃப்ட் ஆட்டம் பார்த்து, பேரிங் கிட் மாற்ற வேண்டும். பிஸ்டன் கூலிங் நாசில் ஒவ்வொன்றிலும் கம்பி விட்டு, காற்று அடித்து, துளை திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது அடைத்தால் பிஸ்டன் தலை சூடேறி மறுபடி பிடிக்கும். பிளாக்கில் ஆயில் கேலரியை மூடியிருக்கும் பிளக்குகள் எல்லாவற்றையும் பிடுங்கி, நீள பிரஷ் விட்டுத் தேய்த்து, சுடுநீர் சோப்பால் கழுவி, காற்று அடித்து, வெள்ளைத் துணியை உள்ளே இழுத்துப் பாருங்கள். துணி கறுக்காமல் வரும்வரை கழுவ வேண்டும். கிராங்க்கின் ஆயில் துளைகளுக்கும் இதே வேலைதான். கிரைண்டிங் போட்டு வந்த கிராங்க்கில் கல் தூளும் சேர்ந்திருக்கும்.

இப்போது கையில் இருக்கும் பழைய ஃபில்டரை எறிய வேண்டாம். ரம்பத்தால் அறுக்காமல் கத்தியால் கிழித்துத் தாளை விரியுங்கள். காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் எஃகு: கிராங்க், கேம், டேப்பட், ரிங், கியர் என்று தேட வேண்டும். ஒட்டாத வெள்ளித் தகடுகளும் செம்பும் பேரிங். ஒட்டாத இலேசான வெள்ளைத் தூள் பிஸ்டன்.

பிஸ்டன்களை வரிசையாக வைத்து ஸ்கர்ட்டை (கீழ்ப்பக்கச் சுவர்) பாருங்கள். பிஸ்டன் பின் துளைக்கு இரண்டு பக்கமும் நாலு மூலையில் உரசியிருந்தால் சூட்டில் விரிந்து பிடித்தது. தள்ளு பக்கத்தில் மட்டும் நீளக் கோடுகள் என்றால் ஆயில் போதவில்லை. தலையில் ஒரே இடத்தில் அரித்து, உருகி இருந்தால் அந்த சிலிண்டர் இன்ஜெக்டர் ஒழுகியிருக்கிறது. உங்கள் விஷயத்தில் நாலு மூலை உரசல்தான் எதிர்பார்க்க வேண்டும். வேறு மாதிரி இருந்தால் ஹோஸ் பிளந்ததற்கு முன்பே இன்னொரு கோளாறு இருந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் கட்டக்கூடாது.

பேரிங் ஷெல்லிலும் அப்படித்தான். எல்லா ஷெல்லிலும் ஒரே மாதிரி செம்பு தெரிந்தால் மொத்தமாக ஆயில் பிரஷர் குறைந்திருக்கிறது: சக்‌ஷன் பைப் விரிசல், அதன் கேஸ்கெட் வழியாகக் காற்று இழுப்பது, பம்ப் தேய்மானம், அல்லது ஆயில் சூடேறித் தண்ணீர் போல இளகிப்போனது. ஒரே ஒரு ஷெல் மட்டும் போய் மற்றவை நன்றாக இருந்தால், அந்த ஒரு இடத்துக்குப் போகும் துளை அடைத்திருக்கலாம், அல்லது முன்பு யாரோ ராடு போல்ட்டை அளவுக்கு இறுக்காமல் விட்டிருக்கலாம்.

நீலமான ராடை எந்தக் காரணத்துக்காகவும் திரும்பப் போடாதீர்கள். ரீபோர் செய்து கண்ணை வட்டமாக்கித் தருகிறேன் என்பார்கள். சூட்டில் இழந்த பலம் வட்டமாக்கினால் வராது. மாற்று ராடு போடும்போது மற்ற ஐந்தோடு எடை ஒத்துப்போகிறதா என்று தராசில் பாருங்கள்.

---

டாரஸ்_சங்ககிரி எழுதியது:

மூணு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. முழுசா கழட்டி அளந்தாச்சு. அளவு கீழே.

மெயின் ஹவுசிங் ஏழும் நல்லா இருக்கு, எந்த ஷெல்லும் சுத்தலை, லாக் பள்ளமும் கூர்மையா இருக்கு. கேம் துளையில கோடு இல்லை, அளவும் சரி. சிலிண்டர் 1 முதல் 4 வரை 102.05க்கும் 102.06க்கும் நடுவுல. 5ஆம் சிலிண்டர் 102.08, லேசா உரசல், நகத்துல தட்டலை. அடியில சில்லு ஆயில் ரிங் நிக்கிற இடத்துக்குக் கீழேயே முடியுது, சாய ஸ்ப்ரேயில விரிசல் காட்டலை. 6ஆம் சிலிண்டர் கோடு 0.3 ஆழம். பிஸ்டன் 5, 6 ரெண்டுலயும் நாலு மூலை உரசல். மெயின், ராடு ஷெல் எல்லாத்துலயும் செம்பு, கிட்டத்தட்ட ஒரே மாதிரி.

ஹெட் 0.20 வளைஞ்சிருக்கு. சுடுநீர் டெஸ்ட்ல குமிழி வரலை.

கிராங்க்: மெயின் 82.95க்குப் பக்கம், 5ஆம் பின் 68.60. மேக்னாஃப்ளக்ஸ்ல 5ஆம் பின்னோட ஆயில் துளை ஓரத்துல ரெண்டு சின்ன விரிசல் காட்டுச்சு. "0.75க்கு அரைச்சா விரிசல் அரைபட்டுப் போயிரும்"னு கிரைண்டிங் போடுறவர் சொல்றாரு. அப்படிச் செய்யலாமா?

---

போரிங்_பட்டறை_கரூர் எழுதியது:

பிளாக் நிற்கிறது. மெயின் லைனும் கேம் துளையும் தப்பியதால் சந்தேகமில்லாமல் இதையே கட்டலாம்.

கிராங்க் வேண்டாம். ஆயில் துளை ஓரத்து விரிசல் மேல்தோலோடு நிற்காது, முறுக்கு விசை அதிகம் விழும் இடம் அது. அரைத்த பிறகு காந்தச் சோதனையில் ஒன்றும் காட்டாமல் போகலாம். அதை நம்பி ஓட்டினால் லோடு ஏற்றத்தில் கிராங்க் இரண்டாக முறியும். அப்போது இப்போது தப்பிய பிளாக்கும் போய்விடும். கிராங்க் பின்னின் மேல்தோல் தூண்டல் முறையில் கடினப்படுத்தியது, நீலமான இடத்தில் அந்தக் கடினம் ஏற்கெனவே போய்விட்டது. எவ்வளவு அரைத்தாலும் மெத்தென்ற இரும்பில்தான் பேரிங் ஓடும். விரிசலும் நீலமும் இல்லாமல் கோடு மட்டும் இருந்திருந்தால் 0.50க்கு அரைக்கச் சொல்லியிருப்பேன்.

புது கிராங்க் விலை அதிகம் என்றால், கழிவு இன்ஜினிலிருந்து கழற்றிய ஸ்டாண்டர்டு கிராங்க் அல்லது 0.25 அரைத்த கிராங்க் தேடுங்கள். காசு கொடுப்பதற்கு முன் மேக்னாஃப்ளக்ஸ், வளைவு, பின்பக்க ஆயில் சீல் ஓடும் இடம், முன்பக்க கியர் அமரும் இடம் நாலையும் பாருங்கள். 1.00க்கு அரைத்து முடித்ததை வாங்காதீர்கள்; அடுத்த முறைக்கு இடமிருக்காது.

6ஆம் சிலிண்டர் கோடு 0.3 என்பதால் 0.50 ஓவர்சைஸில் தீராது. ஆறையும் 1.00க்கு வெட்டினால் நல்ல நாலு சிலிண்டரையும் வீணாக்கிக் கடைசி அளவுக்குக் கொண்டுபோன மாதிரி. 6ஐ மட்டும் 104.5க்குப் போரிங் போட்டு ரிப்பேர் ஸ்லீவ் (உள்ளே இறுக்கமாக இறக்கும் குழாய்) இறக்கி, திரும்ப 102க்கு ஹோனிங் (கல்லால் தேய்த்து அளவாக்குவது) போடுங்கள். ஸ்டாண்டர்டு பிஸ்டனே ஓடும். ஸ்லீவுக்குப் போரிங் போடும்போது அடியில் ஒரு படி விடச் சொல்லுங்கள். நேராகக் கடைசிவரை வெட்டினால் ஸ்லீவ் ஓட்டத்தில் கீழே நழுவும், மேலே கேஸ்கெட் ஊதும். 5ஆம் சிலிண்டருக்கு ஸ்லீவ் வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம், சில்லு போன இடத்தில் படி முழுசாக அமையாது. அது 102.08தான், ஹோனிங்கே போதும். ஹோனிங் குறுக்குக்கோடு சுமார் 60 டிகிரியில் வெட்ட வேண்டும். கண்ணாடி மாதிரி வழவழப்பாக விட்டால் ரிங் உட்காராது, ஆயில் தள்ளும்.

ஸ்லீவ் இறக்கிய பிறகு பிளாக் மேல்தளத்தை ஒரு முறை சமம் பார்த்து, தேவையான அளவு மட்டும் எடுங்கள். கட்டும்போது பிஸ்டன் மேலே துருத்துவது 0.66 மி.மீ.யைத் தாண்டக்கூடாது. தாண்டினால் 0.25 கூடுதல் தடிமன் கேஸ்கெட் வாங்க வேண்டும். ஹெட்டில் 0.25 எடுத்தால் சமமாகிவிடும். எடுத்த பிறகு வால்வு உள்ளே அமர்ந்திருக்கும் ஆழம் 0.99க்கும் 1.52க்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தால் பிஸ்டனில் வால்வு தட்டும்.

---

நாமக்கல்_லோடு எழுதியது:

அப்ப கணக்கு இப்படி வருது. பிஸ்டன் 5, 6க்கு மட்டும் புதுசு, மத்த நாலும் பள்ளமும் ரிங் இடைவெளியும் சரியா இருந்தா திரும்பப் போடலாம், ரிங் ஆறுக்கும் புதுசு. ஒரு ராடு, ஒரு ஸ்லீவ், மெயின்-ராடு பேரிங் செட், கழிவுக் கிராங்க், ஆயில் கூலர், ஆயில் பம்ப், டர்போ கிட், முழு கேஸ்கெட் செட், வாட்டர் பாடி (தண்ணி பம்ப்), தெர்மோஸ்டாட், ஹோஸ் எல்லாம். கழிவுக் கிராங்க் நல்லதா கிடைச்சா 2,40,000ஐ ஒட்டியே முடியும். கம்பெனி புது கிராங்க்தான்னா தாண்டும். தாண்டினாலும் இதையே கட்டுங்க. என்ன அளவுல என்ன இருக்குன்னு உங்களுக்கு முழுசா தெரிஞ்ச இன்ஜின் இது, ஆர்.சி. வேலையும் இல்லை.

கொட்டேஷன் வாங்கும்போது கூலி தனி, சாமான் தனியா எழுதி வாங்குங்க. பழைய சாமான் அத்தனையும் திருப்பித் தரணும்னு முதல்லயே சொல்லிடுங்க.

---

டீசல்மெக்_ஓசூர் எழுதியது:

கட்டும்போது கவனிக்க: ராடு போல்ட் 35, 70, 100 நியூட்டன் மீட்டர், மூன்று கட்டம், புது போல்ட். ஹெட் போல்ட் 26ஐயும் நடுவிலிருந்து சுற்றி வெளியே 90க்கு இறுக்கி, நீளமான போல்ட்டுகளை மட்டும் 120க்கு ஏற்றி, பிறகு எல்லாவற்றையும் கால் சுற்று. சூட்டில் நீண்டுபோன போல்ட் இருக்கும், ரீயூஸ் கேஜ் (போல்ட் நீளம் பார்க்கும் அளவி) வைத்துப் பார்த்து நீண்டதை மாற்றுங்கள். மெயின் இடைவெளி 0.041 முதல் 0.119, ராடு இடைவெளி 0.038 முதல் 0.116. பிளாஸ்டிகேஜ் (நசுங்கி இடைவெளியைக் காட்டும் நூல்) வைத்து ஒவ்வொன்றும் பாருங்கள், ஒன்றைப் பார்த்து மற்றதை ஊகிக்காதீர்கள். ஒவ்வொரு கேப் இறுக்கியதும் கிராங்க்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். எந்தக் கேப்பில் இறுகுகிறதோ அங்கேயே நிறுத்துங்கள். வால்வு இடைவெளி ஆறிய இன்ஜினில் இன்லெட் 0.25, எக்ஸாஸ்ட் 0.50.

முன்பக்கக் கவர் திறந்திருக்கும்போது ஒரு சின்ன வேலை. டைமிங் கியர் ஹவுசிங்கைப் பிளாக்கோடு பொருத்தும் எஃகு டவல் பின் அதிர்வில் மெல்ல வெளியே நகரும். விழுந்தால் கியருக்குள் போய்ப் பல்லையும் ஹவுசிங்கையும் உடைக்கும். 6பிடியில் இது எங்கும் தெரிந்த விஷயம். பின்னை மறைக்கிற மாதிரி ஒரு சிறு தகடு வெட்டி, பக்கத்து போல்ட்டுக்கு அடியில் பிடித்துவிட்டால் போதும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஃபில்டரில் ஆயில் நிரப்புங்கள், டர்போ ஆயில் பைப்பைக் கழற்றி அதிலும் ஊற்றுங்கள். டீசலை நிறுத்தி வைத்துக்கொண்டு, பிரஷர் கேஜில் முள் ஏறும்வரை செல்ஃப் மட்டும் விட்டு விட்டு அடியுங்கள், ஒரு தடவைக்கு 30 விநாடிக்கு மேல் வேண்டாம். ஓடியதும் நீண்ட நேரம் ஸ்லோவில் விடாதீர்கள், ரிங் உட்கார லோடு வேண்டும். முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, அந்த ஃபில்டரையும் கிழித்துப் பாருங்கள்.

---

டாரஸ்_சங்ககிரி எழுதியது:

கிராங்க் தேட ஆரம்பிச்சாச்சுங்க. ஸ்லீவ் வேலைக்குப் பிளாக்கை நாளைக்கு அனுப்பறேன். கடைசியா ஒரு கேள்வி. டீசல் பம்ப் நல்லாத்தான் ஓடுச்சு, அதையும் கழட்டி அனுப்பணுங்களா? செலவைக் குறைக்கலாம்னு பார்க்கறேன்.

---

டீசல்மெக்_ஓசூர் எழுதியது:

அனுப்புங்கள், இதில் குறைக்க வேண்டாம். இன்லைன் பம்ப்பின் கேம் பாக்ஸுக்கு இன்ஜின் ஆயில்தான் போகிறது, அந்தத் தூள் கலந்த ஆயில் உள்ளேயும் நிற்கிறது. திறந்து கழுவி, கேம், ரோலர், கவர்னர் பார்த்து, கேலிப்ரேஷன் மேஜையில் ஆறு லைனுக்கும் டீசல் அளவு சமமாக வருகிறதா என்று பார்த்துச் சீட்டு வாங்குங்கள். இன்ஜெக்டர் ஆறையும் கூடவே கொடுத்து ஓபனிங் பிரஷரும் ஸ்ப்ரேயும் பார்த்துவிடுங்கள். பம்ப்பைக் கழற்றும் முன் 1ஆம் சிலிண்டரை டி.டி.சி.க்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) கொண்டுவந்து டைமிங் பின்னைக் குத்தி, கியரிலும் ஹவுசிங்கிலும் மார்க் போட்டுக்கொள்ளுங்கள். பின்னை உள்ளேயே விட்டுவிட்டுக் கிராங்க்கைச் சுற்றினால் முனை முறியும், வெளியே இழுத்துவிட்டுத்தான் சுற்ற வேண்டும்.